ஆயருடைய முழங்கால்

சகாதேகாஸ்
ஜூலை 9

அன்புள்ள பிரிஸ்கா அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? மடத்தில் சளி பிடிப்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கும், ஆகையால் நன்றாகத்தான் இருப்பாய். மதர் எங்ராசியாவுக்கு என் வணக்கம். எந்தக் கடிதம் வந்தாலும் மடத்துத் தலைவி என்ற முறையில் அவர்கள்தான் முதலில் படிப்பார்கள் என்பதால் வணக்கத்தை மேலேயே வைத்துவிட்டேன்.

செய்தி இதுதான். பெண்களுக்கென்று தேசியக் கால்பந்து லீக் வந்தேவிட்டது. என்னையும் ஓர் அணியில் எடுத்துக்கொண்டார்கள். அணியின் பெயர் மினேராஸ், சுரங்கக்காரிகள். ஊரில் மூடிக் கிடக்கிற வெள்ளிச் சுரங்கங்களை நினைத்து வைத்த பெயராம். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் பதினொரு பேர் தங்கியிருக்கிறோம். கீழே நூறு மெத்தை, மேலே எங்களுக்குக் கட்டாந்தரை. சட்டை எல்லாம் ஆண்கள் அணியின் பழையது. எனக்கு வந்தது முழங்கால் வரை தொங்குகிறது, அதை உடுத்திக்கொண்டு நீ பூசைக்கே போகலாம்.

நான் இரண்டாவது கோல்கீப்பர். முதலாவது மகாலி, நல்ல உயரம், நல்ல குரல், போட்டியில் என்னை எட்டிக்கூடப் பார்க்கவிட மாட்டாள். பயிற்சியாளர் எலெயாசர் முன்பு பள்ளியில் விளையாட்டு வாத்தியார். என்னிடம், "யாரும்மா உன்னை கோல் கம்பத்துக்கு நடுவுல நிறுத்துனது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். என் அக்கா கோல் அடித்துப் பழக ஆள் இல்லாமல், ஏழு வயதில் என்னை இரண்டு வாளிகளுக்கு நடுவே நிறுத்தினாள், அழுதால் இன்னும் ஓங்கி அடிப்பாள் என்று. நம் மாநிலத்திலேயே உன்னைப்போல் இடது காலால் அடித்தவள் யாரும் இல்லை, அக்கா. இந்த லீக் ஏழு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் முத்தங்களை எதிர்பார்க்கும்,
யரேலி


அத்லிஸ்கோ, மடம்
ஜூலை 30

இயேசு மரி சூசை துணை

என் செல்ல யரேலி,

உன் கடிதம் வந்து மடமே கலகலத்துவிட்டது. நாங்கள் பதினான்கு பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கட்டாந்தரையில் படுத்து இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று எழுது. மெத்தைக் கடைக்காரரிடம் வாய் விட்டுக் கேட்டால் பழைய மெத்தை ஒன்று தரமாட்டாரா?

மதர் உன் கடிதத்தை உல்லாச நேரத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தார்கள். முட்டை மஞ்சளைப் பாலில் கலந்து ரோம்போப்பே காய்ச்சுகிற அடுப்பைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை, அடிப்பிடித்துவிட்டது. எண்பத்தொரு வயதான சகோதரி பொன்சியானா, "அந்தப் பிள்ளை மட்டும் கையால பிடிக்கலாம்னா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டார்கள். கோல்கீப்பருக்கு மட்டும் அந்த உரிமை உண்டு என்று விளக்கினேன், அது அநியாயம் என்றுவிட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். பந்து கிடைக்காமல் நான் மடத்துக்கு வரவில்லை. பந்து காலில் இருந்தபோதே இந்த இடத்தின் நினைப்பு வந்துவிட்டது. ஆகவே எனக்காக நீ வருத்தப்பட வேண்டாம். ஆனால் நீ சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று படித்ததும் என் இடது கால் தானாகத் துடித்தது, அதை மறைப்பானேன்.

என்னிடமும் செய்தி உண்டு. என் நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு, ஆயுசுக்கும் துறவியாக இருப்பேன் என்று உறுதி கொடுப்பதற்கு, நாள் குறித்துவிட்டார்கள். நவம்பர் 26, கிறிஸ்து அரசர் திருநாள், ஞாயிறு காலை பதினோரு மணி. ஆயர் வருகிறார். இந்த மடத்தின் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு ஒரு முறை கம்பிக் கதவைத் திறந்து வீட்டாரை உள்ளே விடுவார்கள், கட்டிக்கொள்ளலாம். அதன்பின் ஆயுசுக்கும் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், விரல் நுனி மட்டும்தான் தொடலாம். அம்மா போனபின் என் வீடு என்றால் அது நீ ஒருத்திதான். கட்டாயம் வந்துவிடு.

உனக்காகத் தினமும் செபிக்கும்,
பிரிஸ்கா (இங்கே சகோதரி லூஸ்)


சகாதேகாஸ்
செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

மதருக்கும் சகோதரி பொன்சியானாவுக்கும் என் வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான். ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. போன வாரம் ஐந்துக்கு ஒன்று. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சகாதேகாஸில் ஈ கூட நிற்காது, அவ்வளவு காற்று.

பார்க்க வருகிறவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் பூசணி விதை கொறித்துக்கொண்டு கேலி செய்ய வருகிறவர்கள். ஒருவன் நாள் முழுக்க, "வீட்ல ரொட்டி சுடுற வேலை இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் கேப்டன் தாமரிஸ் எல்லைக் கோட்டோரம் போய், "சுட்டு வெச்சுட்டுத்தான்ணே வந்தோம். மைதானத்தை ஒரு சுத்து ஓடி வாங்க, உங்களுக்கும் ஒண்ணு தரேன்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்ததில் ஆள் அடங்கிவிட்டான். அடுத்த ஆட்டத்துக்கு மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான், அது வேறு.

என் அணிக்காரிகளைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். தாமரிஸ் விடிகாலை பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறாள். இடது ஓரம் ஆடுகிற ஓட்டிலியா மருந்தியல் படிக்கிறாள், பேருந்தில் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவாள். இவ்வளவு தோற்றும் ஒருத்திகூடப் பயிற்சிக்குப் பிந்தி வரவில்லை. நான் இவர்களோடு ஒரே சட்டை போடுகிறேன் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நவம்பர் 26ஐ அறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தேன். தாமரிஸ் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். லீக் இறுதி ஆட்டமும் அதே நாள்தானாம், நான் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கவலைப்படாதே. அட்டவணையின் கடைசி வரியை எங்கள் அணியில் அவளைத் தவிர யாரும் படித்ததுகூட இல்லை. பத்து மணிக்கே உன் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
யரேலி


அத்லிஸ்கோ, மடம்
செப்டம்பர் 24

இயேசு மரி சூசை துணை

அன்பு யரேலி,

இங்கே மழை, ஆனால் எல்லோரும் சுகம். உன் மனசு இப்போது தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பெஞ்சில் இருக்கிறவள் சும்மா இருக்கிறவள் அல்ல. ஆட்டத்தை முழுசாகப் பார்க்கிறவள் அவள்தான். எதிரணிக்காரிகள் எந்தக் காலால் அடிக்கிறார்கள், அடிக்குமுன் எங்கே பார்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. நான் உனக்கு அடித்த காலத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கைக் கடிப்பேன், நீ அதைப் பார்த்துத்தான் பாய்வாய், தெரியாது என்றா நினைத்தாய்?

தாமரிஸ் ரொட்டி விஷயத்தை மதர் வாசித்தபோது சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. சகோதரி பொன்சியானா அன்று முதல் தன் செபமாலையில் ஒரு சுற்றைத் தாமரிஸுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு தாள் என்பது விதி, இடம் முடிந்துவிட்டது.

பாசமுள்ள,
பிரிஸ்கா

(பென்சிலில், வேறு கையெழுத்தில்: ஆஃப்சைடு என்றால் என்ன? படம் போட்டு அனுப்பவும். எங்.)


சகாதேகாஸ்
அக்டோபர் 15

அக்கா,

குசலம் விசாரிக்கக் கை நிற்கவில்லை, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடுகிறேன். நான்கு ஆட்டம் ஆடிவிட்டேன், நான்கிலும் வெற்றி.

மகாலி கம்பத்தில் மோதி மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, "அழுதுட்டு நிக்காத. என் கையுறைய எடுத்துக்க. உன்னுது தேஞ்சு போச்சு, நான் கவனிச்சிருக்கேன்" என்று தன் கையுறைகளைத் தந்தாள். இவளை நான் எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது மாற்றுக்கு இருப்பது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

எங்கள் மைதானத்துக் காற்றுக்குப் பழகிவிட்டேன். உயர்ந்து வருகிற பந்து பாதி வழியில் நின்று திரும்பும். வெளியூர்க்காரிகள் ஏமாந்துபோவார்கள். நான் ஒரு அடி முன்னால் நின்று காத்திருப்பேன். போன ஞாயிறு ஒரு பெனால்டி. அடிக்க வந்தவள் நாக்கைக் கடித்தாள், அக்கா. சத்தியமாக. இடப்பக்கம் பாய்ந்தேன், பந்து வயிற்றில் வந்து விழுந்தது. கூட்டம் இப்போது நாலாயிரம். அன்றைக்கு ரொட்டி சுடச் சொல்லிக் கத்திய பூசணி விதைக்காரர் என் பெயரை எழுதிய துணி ஒன்றைக் கம்பத்தில் கட்டியிருக்கிறார், எழுத்துப்பிழையோடு.

மதருக்கு ஆஃப்சைடு படம் இணைத்திருக்கிறேன். புரிவதற்காக வீராங்கனைகளுக்குப் பதில் உணவுக்கூடத்துக்கு வரிசையில் போகும் சகோதரிகளை வரைந்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடிக்குமுன் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறாரே, அவர் ஆஃப்சைடு. யார் என்று குறிப்பிடவில்லை.

இன்னும் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் கடைசி நான்கு அணிகளில் இருப்போம். வேறு விசேஷம் இல்லை.

உன்,
யரேலி


அத்லிஸ்கோ, மடம்
அக்டோபர் 29

இயேசு மரி சூசை துணை

என் தங்கமே,

நாங்கள் எல்லோரும் நலம், உன் புண்ணியத்தில் கொஞ்சம் தலைகால் புரியாமல் இருக்கிறோம். ஆஃப்சைடு படத்தை உணவுக்கூடத்தில் ஒட்டியிருக்கிறோம். அது சகோதரி பொன்சியானாதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவர்களுக்கும்கூட.

உன்னை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பூசையிலே கண்ணை மூடினால் நீ பாய்கிறாய். நான் கோல் அடிப்பதற்காக நிறுத்தி வைத்த குழந்தை நாலாயிரம் பேரை எழுந்து நிற்க வைக்கிறாள். நான் அடித்த அத்தனை கோலும் உன் அந்த ஒரு பாய்ச்சலுக்கு ஈடாகாது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது, ஆகையால் எழுத்தில் வைத்துக்கொள்.

ஒரு தர்மசங்கடம் வந்தது. உங்கள் வெற்றிக்காகச் செபிப்பது எதிரணிக்குக் கேடு நினைப்பதாகுமா என்று. அங்கேயும் ஆடுகிறவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. மதர் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவருக்கும் அடிபடக் கூடாது என்று செபிக்கலாம், நடுவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று செபிக்கலாம், அதற்குமேல் கூடாது. சகோதரி பொன்சியானா அதற்குமேல் செபிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்குக் கறுப்பு முக்காடு தைத்துவிட்டார்கள். சாப்பிடு, தூங்கு, விரல்களுக்கு எண்ணெய் தடவு.

முத்தங்களுடன்,
பிரிஸ்கா


சகாதேகாஸ்
நவம்பர் 11

அன்பு அக்கா,

நான் நலமே. அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம், மூன்றுக்கு இரண்டு. இறுதி ஆட்டம் இரண்டு பாகம். முதலாவது 19ஆம் தேதி இங்கே, மற்றது மோன்தெர்ரேயில். தாமரிஸ் மைதானத்தில் மண்டியிட்டு அழுதாள், பேக்கரி முதலாளி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்.

நீ எதற்கும் கவலைப்படாதே. சொன்னது சொன்னபடி, 26ஆம் தேதி காலை பத்து மணிக்கு உன் வாசலில் இருப்பேன். பேருந்துச் சீட்டு வாங்கிவிட்டேன். சுவரில் எழுதியதை அழிக்கவில்லை.

இன்னும் எழுதலாம், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

யரேலி


அத்லிஸ்கோ, மடம்
நவம்பர் 15

இயேசு மரி சூசை துணை

யரேலி கண்ணு,

சுகம்தானே? ஒரு சின்ன மாற்றம், அதைச் சொல்லத்தான் போன தாளுக்கு மாதம் ஆகுமுன்பே இன்னொன்றுக்கு அனுமதி கேட்டேன். ஆயருக்கு வலது முழங்காலில் சிகிச்சையாம், நடக்கக் கூடாதாம். ஆகையால் என் வார்த்தைப்பாட்டைப் பிப்ரவரி 2ஆம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். 26ஆம் தேதி இங்கே ஒன்றுமே இல்லை. நீ வந்தாலும் கதவு திறக்காது, வீண் அலைச்சல். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் மூத்தவளாகச் சொல்கிறேன், போய் ஆடு. உன்னுடைய இரண்டு கைகளும் அங்கே தேவைப்படுகின்றன.

பிரிஸ்கா


மோன்தெர்ரேய், பேருந்து முனையம்
நவம்பர் 27

அக்கா,

உனக்கும் மதருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம். தோற்றுவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிட்டால் மற்றதை எழுதலாம்.

எங்கள் ஊரில் ஒன்றுக்குப் பூச்சியம் ஜெயித்தோம். இங்கே அதே கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள். பிறகு பெனால்டி. அவர்கள் அடித்த ஐந்தில் இரண்டைப் பிடித்தேன். எங்களவர்கள் அடித்த ஐந்தில் மூன்று வீணாகிவிட்டது. கடைசி அடி தாமரிஸுடையது, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பதினொரு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். முப்பதாயிரம் பேர் இருந்த அரங்கம், எல்லாம் அவர்கள் ஊர்க்காரர்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. எங்களுக்குத்தான் அக்கா.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாகம் எந்தத் தேதி என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அது 26ஆம் தேதிதான் என்று செப்டம்பரில் எழுதியது உனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.  பயிற்சியாளரிடம் சொல்லாமல் சனிக்கிழமை மாலையே புறப்பட்டு உன்னிடம் வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் பதினைந்து வயதுக் குழந்தையைக் கம்பத்தில் நிற்க வைத்துவிட்டு. தாமரிஸ் முகத்தில் அதன்பின் விழித்திருக்க முடியாது. ஆனாலும் வந்திருப்பேன். ஆயுசுக்கு ஒரு முறை திறக்கிற கதவு.

அப்போதுதான் உங்கள் மடத்துக்கு முட்டை கொண்டுவருகிற வண்டிக்காரர் பேருந்தில் ஏற்றிவிட்ட உன் கடிதம் கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தாய். ஆயருடைய முழங்காலுக்கு என்ன வந்தது என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது உண்மை. எனக்காக நீ பொய்கூடச் சொல்லக்கூடியவள். பிறகு மதர் படித்து ஒட்டிய உறை என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் கையைத் தாண்டிப் பொய் வெளியே வராது என்று நிம்மதியாகப் போய் ஆடினேன்.

பிப்ரவரி 2. இந்தத் தடவை எதுவும் குறுக்கே வராது.

யரேலி


அத்லிஸ்கோ, மடம்
டிசம்பர் 6

மகள் யரேலிக்கு ஆசீர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் இங்கே கடிதம் எழுதுவதும் இல்லை, பெறுவதும் இல்லை. நான் எழுதுவது மடத்துத் தலைவி என்ற முறையில், அலுவலாக. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், தோற்ற பிறகு எல்லோரும் ஒரு வாரம் இளைப்பது சகஜம்.

உன் 27ஆம் தேதிக் கடிதத்தைப் படித்தேன். பொய் என் கையைத் தாண்டி வராது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

ஆயருக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை, மகளே. உன் அக்கா 15ஆம் தேதி அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் போய்விட்டாள். வார்த்தைப்பாடு 26ஆம் தேதி நடக்கத்தான் இருந்தது. யாரும் கட்டிக்கொள்ள வராமல், தனியாக, நீ ஒரு பந்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, அவள் அந்தக் கதவைக் கடந்துவிடத் தயாராக இருந்தாள். நாற்பத்தொரு வருஷமாக இங்கே இருக்கிறேன். விதி கேட்பதைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி கொடுக்கிற ஒரே ஒரு சந்தோஷத்தையும் எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தவளை அன்றுதான் பார்த்தேன். கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

கடிதம் ஒரு நாள் முழுக்க மேசையில் கிடந்தது. கிழித்தால் நீ வந்துவிடுவாய், உன் அணி நடுத்தெருவில் நிற்கும். அனுப்பினால் என் மகள் ஒருத்தி பொய்யோடு பீடத்துக்குப் போவாள். மறுநாள் ஆயருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

நாள் மாற்ற வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். உங்களுக்கு முழங்காலில் சிகிச்சை என்றேன்.  "எந்தக் கால், மதர்?" என்றார்.

"வலது கால், ஆண்டகையே."

முழுவதையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிப்ரவரி 2ஐக் குறித்துக்கொண்டார். படி ஏறும்போது அந்தக் கால் வலிக்கத்தான் செய்கிறது, ஒரு முறை வைத்தியரிடம் காட்டிவிடுகிறேன் என்றும் சொன்னார். அதன்பிறகே உறையை ஒட்டினேன். ஆகவே நீ எழுதியது சரிதான், என் கையைத் தாண்டி வந்தபோது அது பொய்யாக இல்லை.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளாக வர வேண்டும் என்று காத்திருந்தேன். நவம்பர் 23ஆம் தேதி காலை, முட்டை உடைத்த கையைத் துடைக்காமல்கூட வந்து மண்டியிட்டாள்.

"மதர், நான் தங்கச்சிக்குப் பொய் எழுதிட்டேன்."

"தெரியும். நான்தானே ஒட்டுனேன்."

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"நீ எழுதுறப்ப பொய். நான் ஒட்டுறப்ப இல்ல. பிப்ரவரிக்கு மாத்தியாச்சு. எழுந்திரு, அங்கியெல்லாம் மஞ்சள்."

அவள் எழுந்திருக்கவில்லை, வெகுநேரம் அழுதாள். முழங்காலுக்காக முப்பது நாள் முட்டை வெள்ளைக்கருவைக் கையால் அடிக்க வேண்டும் என்று தண்டனை கொடுத்திருக்கிறேன். மகிழ்ச்சியாகச் செய்கிறாள்.

ஆட்டத்தின் முடிவு அவளுக்குத் தெரியாது. விதிப்படி கிறிஸ்துமஸ் அன்றுதான் உன் கடிதத்தைத் தருவேன். தெரிந்தவள் நான் ஒருத்தி. உணவுக்கூடத்தில் பதின்மூன்று பேர் சாப்பிடாமல் என் முகத்தையே பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் தோல்வி என்று தெரிகிறதாம், சகோதரி பொன்சியானா சொல்கிறார். என் முகம் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு பெனால்டியையும் எந்தப் பக்கம் பாய்ந்து பிடித்தாய் என்று நீ எழுதவில்லை. வரும்போது சொல்.

மதர் எங்ராசியா


சகாதேகாஸ்
பிப்ரவரி 4

அன்பு அக்கா,

நேற்று ராத்திரி ஊர் வந்து சேர்ந்தேன். நலம். உன் விலா எலும்பு எப்படி இருக்கிறது? முந்தாநாள் நான் கட்டிக்கொண்டதில் ஏதோ சொடக்கு விழுந்தது, உன்னுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

தாமரிஸும் மகாலியும் ஓட்டிலியாவும் கோயிலில் பின்வரிசையில் இருந்தார்கள், பார்த்தாயா? நான் தனியாகப் போகக் கூடாது என்று பத்து மணி நேரப் பயணம் வந்தார்கள். நீ செய்ததை அவர்களிடம் சொல்லியிருந்தேன். தாமரிஸ் பேக்கரியில் உன் பெயரில் ஒரு பெரிய ரொட்டி சுட்டு மடியில் வைத்துக்கொண்டே வந்தாள், மடத்துச் சுவரில் இருக்கிற சுழல் பெட்டியில் வைத்துச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப முடிந்தது.

சடங்கின்போது நீ பீடத்தின் முன் தரையில் முகம் பதித்துக் கிடந்ததைப் பார்த்தபோது பயமாக இருந்தது. பிறகு எழுந்து கறுப்பு முக்காட்டோடு திரும்பினாய், நீ கோல் அடித்துவிட்டுத் திரும்புகிற அதே முகம். அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நீ எதையும் இழந்து அங்கே போகவில்லை என்று. இத்தனை வருஷம் நீ சொல்லியும் நம்பாமல் இருந்தேன். மன்னித்துவிடு.

கதவு திறந்தபோது மதர் என்னை ஒரு தள்ளு தள்ளியிராவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றிருப்பேன்.  நீ என் கைகளை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாய், அவ்வளவுதான். பிறகு கட்டிக்கொண்டோம்.

எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆயர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், மதர் சாவிக்கொத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்கள். நான் விடுவதாக இல்லை. பிடித்ததைப் பிடித்துக்கொண்டிருப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை. நீதான் முதலில் கையை எடுத்தாய், முதுகில் இரண்டு தட்டுத் தட்டி.

அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம், அக்கா. உனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானாக எடுத்திருக்கவே மாட்டேன்.

என்றும் உன்,
யரேலி